இருவருக்கான பாஸ்

போன வாரம் மியூசியத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டாள்.

"அங்கிள், நீங்க எத்தினி வருஷமா இங்க வர்றீங்க?"

"கொஞ்ச வருஷமா வரேம்மா."

"வியாழக்கெழமன்னா கரெக்டா வந்துடறீங்க. ஒவ்வொரு தரமும் டிக்கெட் எடுக்கறீங்க. வருஷப் பாஸ் எடுத்தா இன்னா? பத்து தரம் வந்தாலே போட்ட காசு வந்துடும். மீதி எல்லாம் உங்களுக்கு லாபம்தான்."

அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். அக்கறையாகத்தான் சொன்னாள். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு ஒற்றை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பாஸ் எடுத்தால் லாபமா நஷ்டமா என்பது எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. இதே ஜன்னலில் என் பக்கத்தில் நின்று ஒருத்தி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாஸைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தால் அவளைப் பற்றித்தான் யோசனை போகிறது.

அவள் என்று எழுதுகிறேன். நேரில் "நீங்க", "வாங்க" தான். அவள் என்னை "வாபா", "போபா" என்பாள். எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

அப்போது கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் எனக்குத் தோட்ட வேலை. காண்ட்ராக்டர் வேன் அனுப்புவார். கரியமாணிக்கத்தில் கிளம்பிப் பாகூர் வரும். நான் குருவிநத்தத்திலிருந்து சைக்கிளில் பாகூர் வந்து, கடைத்தெருவில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு வேனில் ஏறுவேன். வேனில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செய்கிற வேலைதான் பேர். பாத்திரம் தேய்க்கிற அக்கா "கிச்சன்". நான் "தோட்டம்". அவள் "லாண்டரி". படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்பது அவள் வேலை. லாண்டரியில் வேலை இல்லாத நேரத்தில் அறைகளுக்குப் போய்க் கட்டிலுக்கு விரிப்பும் போடுவாள்.

முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கரியமாணிக்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். "ரேஷன் கார்டுல கடைசி பேரு என்னுது. அண்ணன், அண்ணி, அதுங்க பெத்தது மூணு, அப்பால நானு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். எங்கள் கார்டில் இரண்டு பேர்தான் என்று நான் பதிலுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எதையும் ஒரே தடவையில் தீர்க்க மாட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு துண்டு வறுத்த மீன் இருந்தால் பாதியை மூடி வைத்து மூன்று மணிக்குச் சாப்பிடுவாள். கடலை உருண்டை வாங்கினால் கடித்தது போக மிச்சம் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் இருக்கும். வேலை முடியும்போது இஸ்திரி போடாத தலையணை உறை ஒன்றை மேசை மேல் விட்டுவிட்டு வருவாள். சூப்பர்வைசர் சத்தம் போடுவார்.

"ஒண்ணே ஒண்ணு. அதையும் தேச்சு முடிச்சுட்டுப் போனா இன்னா, கை ஒடிஞ்சிடுமா?"

"இருக்கட்டும் சார். காலைல வந்ததும் எனக்குன்னு அங்க ஒண்ணு கெடக்கணும்."

வேனில் அவள் எப்போதும் இடது பக்க ஜன்னல். டவுனுக்குப் போகும்போதும் இடது, ஊருக்குத் திரும்பும்போதும் இடது. காலையில் ரோட்டின் ஒரு பக்கத்தைப் பார்ப்பாள். மறு பக்கம் சாயங்காலத்துக்கு. வலது பக்கத்தில் மாப்பிள்ளை ஊர்வலமே போனாலும் கழுத்தைத் திருப்ப மாட்டாள். வில்லியனூர் தேருக்கு வருஷா வருஷம் போவாள். தேர் ஒரு மூலை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாள். "மத்த மூணு மூல?" என்று கிச்சன் அக்கா கேட்டால், "இருக்கட்டும்க்கா, அடுத்த வருஷம்" என்பாள். இருக்கட்டும் என்பதுதான் அவள் வாயில் அதிகமாக வருகிற வார்த்தை.

எங்களுக்கு வேலை ஒன்றரை மணிக்கு முடிந்துவிடும். வேன் நாலு மணிக்குத்தான் வரும். நடுவில் டிரைவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிடப் போய்விடுவார். யூனிஃபாரத்தைக் கழற்றிக் கொடுத்த பிறகு லாட்ஜுக்குள் உட்காரக் கூடாது என்பது சட்டம். ரோட்டோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழே உட்கார்ந்திருப்போம். ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வோம். பெண்களுக்குத்தான் கஷ்டம். தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவள்தான் முதலில் மியூசியத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பத் திறப்பார்கள்.

"ஒரு டிக்கெட்டுல நெழலு, ஃபேனு, பாத்ரூமு மூணும் வருது. பொம்ம பாக்கறது ஓசி" என்று வந்து சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போவ டிக்கெட் எடுக்கற ஒரே ராணி நீதாண்டி" என்றாள் கிச்சன் அக்கா.

"ராணி வூட்டுக் கட்டிலும் உள்ளதான் கெடக்குது. வேணும்னா நீயும் வா."

யாரும் போகவில்லை. காசு கொடுத்து உள்ளே போகிற இடம் நமக்கு இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அவள் மட்டும் வாரத்துக்கு ஒருநாள், வியாழக்கிழமை, போய்வர ஆரம்பித்தாள்.

நான் போனது மழையால். ஒரு வியாழக்கிழமை மரம் தாங்காத மழை. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நான் ஓடியது மியூசியத்துச் சுவர் ஓரம். அவள் கேட்டிலிருந்து பார்த்தாள்.

"இன்னாபா நனையற? உள்ள வாயேன். கடிக்காது."

முதல்முறையாக ஒரு மியூசியத்துக்குள் போனேன். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டேன். "போட்டுக்கபா, இது கோயில் இல்ல" என்றாள். உள்ளே அறை அறையாகப் போகிறது. நான் முதல் அறையிலேயே தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க, அவள் முந்தானையைக் கன்னத்தின் ஓரம் பிடித்து மறைத்துக்கொண்டு, குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல நேராக நடந்தாள். மூன்றாவது அறையில் ஒரு மர அலமாரி முன்னால் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு அந்த அலமாரிதான். அரை மணி நேரம் அதையே பார்த்தாள். மற்றதைப் பார்க்க மாட்டாள்.

"எல்லாம் பாக்கலாங்களே, டிக்கெட் ஒண்ணுதானே" என்றேன்.

"இன்னிக்கே பாத்துட்டா வர்ற வாரம் இன்னாத்துக்கு வர்றது?"

முதல் நாள் வந்தபோது என்ன பார்த்தாள் என்று கேட்டேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் படுத்த கட்டில். பக்கத்து அறையில் இருந்தது. என்னை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். ஒரு தடவை பார்த்ததை மறுபடி பார்ப்பதில்லை என்பது அவள் வைத்திருந்த இன்னொரு கட்டுப்பாடு. நான் போய்ப் பார்த்தேன். பெரிய தேக்குக் கட்டில். மேலே விரித்திருந்த வெள்ளை விரிப்பு நாலு பக்கமும் கொடியில் காயப் போட்டது போலத் தொங்கியது.

"பாத்தியா? எம்மாம் பெரிய கட்டிலு. பெட்ஷீட்டு மடிப்பு எப்டி இருக்குது பாரு. நம்ம சூப்பர்வைசர் பாத்தா உசுர வுட்டுடுவாரு. ஒரு மூலய நான் இழுத்து வுடப் போனேன். அந்த வாட்ச்மேன் 'தொடாதம்மா'ன்னு கத்தறான். துரையே செத்துட்டாரு, இவனுக்கு இன்னா?"

கட்டில் மூலையை மடிப்பதில் அவளுக்கு என்று ஒரு விதம் இருந்தது. லாட்ஜில் மற்றவர்கள் இரண்டு மடிப்பில் செருகிவிடுவார்கள். அவள் மூன்று மடிப்பு வைப்பாள். கடைசி மடிப்பைக் கடுதாசி உறையின் வாய் மாதிரி முக்கோணமாகக் கொண்டுவந்து மெத்தைக்கு அடியில் செருகுவாள். கட்டிலைப் பார்த்தே இது லாண்டரி கை என்று சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நானும் போனேன். அவள் அழைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து நடப்பாள். நான் பத்தடி பின்னால் போவேன். "தோட்டம் கெளம்பிடுச்சுடி, தண்ணி பாய்ச்ச" என்று மரத்தடியில் சிரிப்பார்கள். காது சூடாகிவிடும். ஆனாலும் போவேன்.

பொருளுக்குப் பக்கத்தில் பலகையில் எழுதியிருப்பதை என்னைப் படிக்கச் சொல்வாள். நான் ஐந்தாவது வரைதான். எழுத்துக் கூட்டித்தான் வரும். அவள் எட்டாவது படித்தவள், ஒரே மூச்சில் படித்துவிடுவாள். ஆனாலும் என்னைத்தான் படிக்கச் சொல்வாள். நான் ஒரு வரியில் தடுக்கி நின்றால் எடுத்துக் கொடுக்க மாட்டாள், அவசரப்படுத்தவும் மாட்டாள். ஃபேன் கீழே கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "சுடு... மண்... சுடுமண்..." என்று நான் முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் படித்தது அந்தப் பலகைகளைத்தான். இன்றைக்கு இதை எழுதுகிற அளவுக்குக் கை வருவது அதனால்தான்.

மண்தாழி, கல்வெட்டு, ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிற புஷ்புஷ் வண்டி என்று வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தோம். மணிகள் வைத்த கண்ணாடிப் பெட்டி வந்தபோதுதான் வேடிக்கை. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தது, பச்சையும் சிவப்புமாக நூற்றுக்கணக்கில் இருந்தன. அவள் அதில் ஒரு பச்சை மணியை மட்டும் பார்த்தாள். மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது டிக்கெட் கொடுக்கிறவரிடம் கேட்டாள். அப்போது ஜன்னலில் இருந்தவர் தடிக் கண்ணாடி போட்ட வயதானவர்.

"ஐயா, உள்ள மணியே கொள்ளயா கெடக்குது, மொத்தம் எத்தினி சாமான் இருக்குது?"

"யாரும்மா எண்ணிப் பாத்தா?"

"வாரத்துக்கு ஒண்ணு பாத்தா எத்தினி வருஷம் ஆவும்?"

"அந்த மணிக்கு மட்டும் நீ இன்னும் ரெண்டு பொறப்பு பொறக்கணும்."

"ஆவட்டும்" என்றாள்.

கடைசி அறை ஒன்று உண்டு. வாசலில் பச்சைத் திரை தொங்கும். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. "அது கடைசிக்கு" என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்.

தன்னைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான். ஒரு வியாழக்கிழமை, தன்னைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து வந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணி புடவை கட்டிவிட்டது ஒரு வாரம். அவர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து தெருவில் இறங்கியது அடுத்த வாரம். மாப்பிள்ளை அவள் வைத்த காபியைக் குடிக்காமல் ஆறவிட்டது அதற்கு அடுத்த வாரம். "அப்பால?" என்று கேட்டால், "மிச்சம் வர்ற வாரம்பா" என்று எழுந்துவிடுவாள். நான் ஒரு வாரம் முழுக்க அந்த ஆறின காபியோடு திரிவேன். பாத்திக்குத் தண்ணீர் விடும்போதும் அதே நினைப்பு. ஆறினதையாவது குடித்தானா, இல்லையா? குடிக்காமல் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

அந்த நிலைமையில்தான் பாஸ் வந்தது.

ஒரு வியாழக்கிழமை ஜன்னலுக்குப் பக்கத்தில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். "படிபா" என்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆண்டுப் பாஸ். ஒருவருக்கு, பத்து டிக்கெட் விலை. இருவருக்கு, பதினைந்து டிக்கெட் விலை. எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்.

அவள் அன்றைக்கு ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

"வருஷத்துல நமக்கு எத்தினி வியாழக்கெழமப்பா வரும்? அம்பது வருமா?"

"மழ, லீவு எல்லாம் போனா நாப்பது வரும்ங்க."

"அப்ப கண்ணை மூடிக்கினு எடுக்கலாம். ஆனா ஒரு வருஷம் பத்தாதே. ஐயா, ஒரு வருஷம் பத்தாதுங்களே. சாமான் நெறைய கெடக்குதே."

"முடிஞ்சா இன்னொரு வருஷம் எடுத்துக்க" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆளுக்கொண்ணு எடுத்தா இருபது டிக்கெட்டு. ரெண்டு பேர் பாஸ்னா பதினஞ்சு. இன்னாபா சொல்ற?"

"உங்க இஷ்டங்க."

"என் இஷ்டத்த நானா உங்கிட்ட கேக்கறேன்? நீ வருஷம் பூரா வருவியான்னு கேக்கறேன்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று அவளுக்குப் புரிந்திருக்குமா தெரியவில்லை. அவள் சிரித்தாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேர் பாஸே குடுங்கய்யா."

கண்ணாடிக்காரர் ஒரு தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு பேர் பாஸு ஒரே வூட்டுக்காரங்களுக்குத்தான். ஒரே ரேஷன் கார்டுல பேரு இருக்கணும். உங்களுது ஒரே கார்டுதானே? ஆமான்னா சொல்லு, அப்டியே எழுதிக்கறேன். நான் ஒண்ணும் கார்டைக் கேக்கப் போறதில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். அவிழ்த்த கைக்குட்டை கையில் அப்படியே இருந்தது.

நான் சொன்னேன்: "இல்லிங்க சார். எங்களுது செவப்பு கார்டு, குருவிநத்தம். இவங்களுது எந்தக் கலருன்னே எனக்குத் தெரியாது. வேற ஊரு. வேன்ல ஒண்ணா வர்றவங்க, அவ்ளோதான்."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அவளுக்கு அசிங்கம் ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அவள் கைக்குட்டையை மறுபடி முடிந்தாள்.

"இருக்கட்டும்யா. ஒத்த டிக்கெட்டே ரெண்டு குடுங்க."

உள்ளே போனோம். அன்றைக்கு அவள் முந்தானையைக் கன்னத்தில் பிடிக்கவில்லை. முதல் அறையில் இருந்ததை எல்லாம் பார்த்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சிலை, காசு, துப்பாக்கி, நாற்காலி, மணிப் பெட்டி முழுக்க, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனாள். நான் பின்னால் ஓடினேன். "மெதுவாங்க, வர்ற வாரம் பாக்கலாங்க" என்றேன். காதில் வாங்கவில்லை. கட்டில் அறையை மட்டும் தாண்டிப் போனாள், அது பார்த்ததுதானே. நேராகக் கடைசி அறைக்குப் போய்ப் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள்.

"அவ்ளோதான். பாத்தாச்சு" என்றாள்.

வேன் நிற்கிற இடத்துக்குத் திரும்பி நடக்கும்போது அவளே சொன்னாள்: "கடலூர்க்காரங்க கத சொல்லிக்கினு இருந்தேனே. அவங்க வேணாம்னுட்டாங்க. அவ்ளோதான் கத."

அன்றைக்கு அவளிடம் எதுவும் மிச்சம் இல்லை.

பாகூரில் நான் வேனை விட்டு இறங்கியதும் கிச்சன் அக்காவும் கூடவே இறங்கி, என்னை ஓரம் கட்டி விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி. அந்தப் பெரியவரு எடுத்துக் குடுத்தாரே உனக்கு. கார்டுல பேரு சேக்க ஃபார்ம் குடுக்கறாங்கடா. 'இன்னும் சேக்கல சார், சேத்துடுவோம்'னு சொன்னா உன் வாயில இருந்து முத்தா கொட்டிடும்?"

அந்த ஒரு வரி எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது எந்த நேரம் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அடுத்த வியாழக்கிழமை அவள் மரத்தடியை விட்டு எழவில்லை. என்னோடு பேசாமல் எல்லாம் இல்லை. "இன்னாபா தோட்டம், செம்பருத்தி காயுது" என்பாள். பேச்சு முழுசாக இருக்கும், அதே இடத்தில் முடிந்துவிடும். இரண்டு மாதம் கழித்து லாட்ஜில் துணி வெளுப்பதை வெளியே ஒரு மிஷின் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். லாண்டரியில் இருந்த மூன்று பேரையும் நிறுத்தினார்கள். ஒரு திங்கட்கிழமை வேன் பாகூர் வந்தபோது இடது பக்க ஜன்னலில் அவள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரியமாணிக்கத்துக்குச் சைக்கிளில் போனேன். அவள் தெரு எது என்று விசாரித்து, தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டேன். வீட்டில் யாராவது "நீ யாரு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு டீ குடித்தேன். பிறகு திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் அவள் அண்ணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு எல்லாரும் போய்விட்டதாகக் கிச்சன் அக்கா சொன்னாள். அதற்கு மேல் அக்காவுக்கும் தெரியவில்லை.

நான் வியாழக்கிழமையை விடவில்லை. அவள் போட்ட சட்டப்படியே ஒற்றை டிக்கெட், ஒரு நாளைக்கு ஒரு பொருள், பார்த்ததை மறுபடி பார்ப்பதில்லை. கடைசி அறைக்கு மட்டும் போவதில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு மழைநாள். நான் பார்த்துக்கொண்டிருந்த அறையில் கூரை ஒழுகியது. வாட்ச்மேன் வாளி வைக்க வந்து, "அந்தாண்ட ரூமுக்குப் போய் நில்லுங்க" என்றார். அது கட்டில் அறை. பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். குனிந்ததால்தான் தெரிந்தது. கால்மாட்டில், சுவர்ப் பக்கத்து மூலையில், விரிப்பு தொங்கவில்லை. மூன்று மடிப்பு. கடைசி மடிப்பு கடுதாசி உறையின் வாய் மாதிரி முக்கோணமாக மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது.

மற்ற மூன்று மூலைகளையும் போய்ப் பார்த்தேன். பழையபடி கொடித்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

வாட்ச்மேனிடம் கேட்டேன். "இந்த மூலய யாருங்க மடிச்சது?"

"எவனுக்குத் தெரியும்? நாங்க அதத் தொடறதே இல்ல. தூசி தட்டறதோட சரி" என்றார்.

அவள் வந்திருக்கிறாள். நான் இல்லாத ஏதோ ஒரு நாளில், தனியாக டிக்கெட் எடுத்து, ஒரு தடவை பார்த்ததை மறுபடி பார்க்க வந்திருக்கிறாள். லாண்டரியிலிருந்து நிற்பதற்கு முன்னாலா, பின்னாலா, ஓசூர் போகிற அன்றைக்கா, எனக்குத் தெரியாது. ஒரு மூலையை மடித்துவிட்டு மூன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த மடிப்பு இன்னும் இருக்கிறது. விரிப்பு பழுப்பாகிவிட்டது. மடிப்பின் மேல் தூசி படிந்திருக்கிறது. மற்ற பொருளுக்கு எல்லாம் பலகை இருக்கிறது, அதற்கு இல்லை. அன்றையிலிருந்து அவள் போட்ட சட்டத்தை மீறி, வியாழக்கிழமை தவறாமல் நான் பார்ப்பது அதைத்தான். டிக்கெட் கொடுக்கிற பெண் கேட்டாளே, அப்படி உள்ளே இன்னாதான் இருக்குது என்று மனசுக்குள் நினைத்திருப்பாள். ஒருவர் பாஸ் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. எடுத்தால் ஜன்னலில் அன்றைக்கு நான் சொன்னதை மறுபடி ஒருமுறை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இருவர் பாஸ் எடுக்க வாய் வரவில்லை. அதனால்தான் பன்னிரண்டு வருஷம் ஒற்றை டிக்கெட்.

இந்த வியாழக்கிழமை போனேன். இப்போது வேன் இல்லை. லாட்ஜ் வேலையும் இல்லை. அரியாங்குப்பத்தில் ஒரு குடியிருப்பில் செடிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கிருந்து பஸ்.

"யோசிச்சீங்களா அங்கிள்?" என்றாள் அந்தப் பெண்.

"ரெண்டு பேரு பாஸு எடுக்க ரேஷன் கார்டு வேணுமாம்மா?"

"அதெல்லாம் இப்ப இல்ல. பேரு, ஃபோன் நம்பர் போதும். ஆனா நீங்க தனியாத்தானே வர்றீங்க? ஒருத்தர் பாஸ்தான் உங்களுக்கு லாபம்."

"ரெண்டு பேரு பாஸே குடும்மா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அட்டையை எடுத்தாள். என் பேரை எழுதினாள். கீழே இன்னொரு கோடு இருந்தது. பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"இன்னொரு பேரு அங்கிள்?"

எனக்குப் பேர் தெரியும். கிச்சன் அக்காவிடம் அப்போதே கேட்டுத் தெரிந்துவைத்தது. ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இருக்கட்டும்மா" என்றேன்.

"காலியா வுட்டுடவா? சரி, அவங்க வரும்போது எழுதிக்கலாம். ஒரு வருஷம் இருக்குது."

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அங்கிள், உள்ள போவலியா? பாஸ் இன்னிக்கே செல்லும்."

"நாளைக்கு வரேம்மா."

பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் காலியாக இருந்தது.